கட்டில் 6: தொடை அளவுகள்

நவம்பர் 18
அல்ட்ராசவுண்டில் தொடையின் முன்தசையுடைய குறுக்குவெட்டுப் பரப்பு: வலது 5.2 சதுர சென்ரிமீற்றர், இடது 5.0. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து முழங்கால் சில்லின் மேல்விளிம்பு வரை 42 சென்ரிமீற்றர். அதில் மூன்றில் இரண்டு, 28. அங்கே மாக்கரால் கோடு. உடம்பு துடைக்கும்போது அது அழியும் என்பதால் 28 என்ற எண் கட்டில் அட்டையிலும் இருக்கிறது.

நவம்பர் 19
கோடு அழிந்துவிட்டது. எண் இருக்கிறது.

நவம்பர் 20
வலது 4.9. தலைமாடு 30 பாகை, முழங்கால் நீட்டி, கால்விரல் கூரையைப் பார்த்தபடி, கணுக்காலின் இரு பக்கமும் சுருட்டிய துவாய். கால் வெளிப்பக்கம் சரிந்தால் தசையின் வடிவமே மாறிவிடும். ஜெல்லை அள்ளி வைக்கவேண்டும். புரோப்புக்கும் (தோலில் வைக்கும் ஸ்கேன் முனை) தோலுக்கும் நடுவே கறுப்புப் பட்டி தெரிந்தால்தான் அழுத்தவில்லை என்று நம்பலாம். கொஞ்சம் அழுத்தினாலும் தசை தட்டையாகி, இல்லாத தேய்வைக் காட்டும்.

மட்டக்களப்பின் படுவான்கரை வயல்காரர். எலிக்காய்ச்சல், வயல் தண்ணீரில் தொற்றுவது. விதைப்புக் காலம் முடியவில்லை, இன்னும் வருவார்கள்.

நவம்பர் 22
வலது 5.4. இருக்க முடியாது. ஐந்து நாள் வென்டிலேட்டரில் கிடக்கிறவருக்குத் தசை வளராது.

இரவு முறையில் அளந்தது வேறு கை. படத்தைத் திரும்பப் பார்த்தால் தொடையெலும்பின் வெள்ளை வளைவு மங்கிக் கிடக்கிறது. புரோப் சரிந்திருக்கிறது. சரித்து வெட்டினால் பரப்பு கூடும். எலும்பு கூர்மையாகப் பளிச்சிடும்வரை படத்தை நிறுத்தக் கூடாது. யாரோ கெய்னையும் (படத்தின் வெளிச்ச அளவு) கூட்டியிருக்கிறார்கள். அதனால் தசையின் வெண்மையை முந்திய படங்களோடு ஒப்பிடவே முடியாது. ஆழமும் கெய்னும் முதல் நாள் வைத்தபடியே கிடக்கவேண்டும்.

மூன்று தடவை திரும்ப: 5.1, 5.0, 5.1. இன்னும் கூடத்தான். தோலுக்குக் கீழே கறுப்புக் கீற்றுகள். நீர். சிறுநீரகம் நின்றபின் உடம்பில் தங்கியது ஆறு லீற்றர், அது தசைக்குள்ளும் ஊறியிருக்கிறது. எண்ணுக்குப் பக்கத்தில் "வீக்கம்" என்று கட்டாயம் எழுதவேண்டும். இல்லாவிட்டால் யாராவது இதை நல்ல செய்தியாக மகளிடம் சொல்லிவிடுவார்கள்.

நவம்பர் 23
மழை. டயலிசிஸ், 2.5 லீற்றர் எடுத்தது. குழாய் இடது கவட்டில், இனி வலது மட்டும்.

நவம்பர் 24
4.3.

நீர் வடிய உண்மை வெளியே வந்திருக்கிறது. முதல் நாளிலிருந்து 17 வீதம். 2013ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த லண்டன் ஆய்வில் 63 பேருக்கு இதே தசை சராசரி 17.7 வீதம் குறைய பத்து நாள் ஆனது, பல உறுப்புகள் செயலிழந்தவர்களுக்கு இன்னும் வேகமாக. இவருக்கு ஏழாம் நாளே. படத்தில் கறுப்பாக இருந்த தசை சாம்பலாகிறது, தசை கெடுவதன் அடையாளம்.

60 கிலோவுக்குப் புரதம் 78 கிராம் என்பது கணக்கு, நேற்று போனது 41. டயலிசிஸுக்கும் ஸ்கேனுக்கும் இரண்டு தடவை உணவை நிறுத்தியதுதான் காரணம். புரதம் மட்டும் காப்பாற்றாது. மயக்க மருந்து குறையவேண்டும், கால் அசையவேண்டும்.

நவம்பர் 25
மருந்தைக் குறைத்தார்கள். வலது பெருவிரல் அசைந்தது!

நவம்பர் 27
4.2, 4.2, 4.1. மூன்றும் ஒரே கை.