மின்கம்பி மோடத்தின் சீரியல் போர்ட்டை வழிக்குக் கொண்டுவந்த அனுபவம்

பெங்களூரு அல்சூரில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சுவர்கள் பழைய காலத்துக் கனம் கொண்டவை. கீழ்த்தளத்தில் இருக்கும் வைஃபை இரண்டாம் மாடிப் படிக்கட்டோடு நின்றுவிடும். எங்கள் தெருவுக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் காவிரித் தண்ணீர் வரும். அது தரைக்கடியில் உள்ள சம்ப்பில் இறங்கி, மோட்டார் வழியாக மொட்டை மாடித் தொட்டிக்கு ஏற வேண்டும். மோட்டாரைப் போடுவதும் நிறுத்துவதும் என் பொறுப்பு. "தம்பி, தொட்டி வழியுதுப்பா" என்று வீட்டுக்கார அம்மா வாரம் இருமுறையாவது தொலைபேசியில் அழைப்பதைத் தவிர்க்கவே, தொட்டியின் நீர்மட்டத்தைக் கீழே இருந்தபடி பார்க்க ஓர் ஏற்பாடு செய்ய நினைத்தேன். மேலே வரை புதிதாகக் கம்பி இழுக்க அம்மா சம்மதிக்கவில்லை. ஏற்கெனவே சுவருக்குள் ஓடும் மின்கம்பியிலேயே தரவை அனுப்பும் பவர்லைன் முறைக்கு அப்படித்தான் வந்து சேர்ந்தேன்.

கீழே ரூட்டருக்குப் பக்கத்தில் கடைகளில் கிடைக்கும் ஹோம்பிளக் ஏவி என்ற பவர்லைன் தர வகையைச் சேர்ந்த சாதாரண அடாப்டர் ஒன்றைப் பொருத்தினேன். மேலே வைத்தது குவால்காம் ஏதெரோஸின் க்யூசிஏ7000 சில்லு கொண்ட சிறிய போர்டு. ஒரு நண்பர் தம் அலுவலகத்தில் பழைய சோதனை முடிந்து ஒதுக்கிய பொருள்களிலிருந்து கேட்டு வாங்கிக் கொடுத்தார். இந்தச் சில்லு ஹோம்பிளக் கிரீன் ஃபை வகையைச் சேர்ந்தது. வேகம் 10 எம்பிபிஎஸ் அளவுதான் என்றாலும் ஏவி வகைக் கருவிகளோடு ஒரே கம்பியில் பேசும். மின்சார வாகன சார்ஜர்களில் இன்று பரவலாக இருப்பதும் இதுதான். என் போர்டில் ஈதர்நெட் முனை கிடையாது, தரவை ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் யூஆர்ட் என்னும் சீரியல் முனை மட்டுமே உண்டு. அந்த முனை என்ன பாட் வேகத்துக்கு (நொடிக்கு எத்தனை பிட் என்பது) அமைக்கப்பட்டிருக்கிறது என்பது கொடுத்த நண்பருக்கும் தெரியவில்லை.

வேலையைத் தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. பவர்லைன் கருவியின் ஒரு கால் 230 வோல்ட் மின்சாரத்தில் இருக்கிறது. கடையில் வாங்கிய அடாப்டரின் மூடியைத் திறந்து, உள்ளே தெரியும் சீரியல் ஊசிகளில் கம்பியை மாட்டி, மறுமுனையை மடிக்கணினியில் செருகுவதை இணையத்தில் பலர் செய்து காட்டுகிறார்கள். அந்த அடாப்டரின் உள்மின்சுற்று மின்இணைப்பிலிருந்து தனிமைப்படுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரியாமல் அதைச் செய்வது உயிரோடு விளையாடுவது. என் போர்டு 12 வோல்ட் அடாப்டரில் இயங்குவது, மின்கம்பியோடு இணையும் பகுதி தனி டிரான்ஸ்ஃபார்மர் வழியாகச் செல்வது. அப்படியிருந்தும் மல்டிமீட்டரை வைத்து ஊசிகளுக்கும் எர்த்துக்கும் இடையே ஒருமுறை சோதித்த பிறகே கை வைத்தேன்.

முதல் தடை கேபிளில் வந்தது. மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் 3.3 வோல்ட் என்று சொல்லிக் கொடுத்த யுஎஸ்பி சீரியல் கேபிள், வீட்டில் அளந்து பார்த்தபோது அனுப்பும் ஊசியில் 5 வோல்ட்டைக் காட்டியது. க்யூசிஏ7000 இன் ஊசிகள் 3.3 வோல்ட்டுக்கானவை, அளக்காமல் செருகியிருந்தால் போர்டு அன்றே போயிருக்கும். மறுநாள் ஜம்பர் வைத்து வோல்ட்டேஜை மாற்றிக்கொள்ளும் வேறொரு மாடலை, கடையிலேயே அளந்து காட்டச் சொல்லி வாங்கி வந்தேன். அதில் இருந்தது சிஎச்340 சில்லு. என் மடிக்கணினியில் உள்ள உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் அதைச் செருகியதும் போர்ட் தோன்றி, ஓரிரு நொடிகளில் மறைந்தது. கெர்னல் எனப்படும் இயங்குதள மையப்பகுதியின் பதிவுகளைப் பார்த்தபோது, பார்வைக் குறைபாடு உள்ளோருக்கான பிரெயில் கருவிகளைக் கையாளும் பிரெல்டிடிஒய் என்ற சேவை, இந்தச் சில்லின் அடையாள எண்ணைப் பிரெயில் கருவியின் எண்ணாகக் கருதி அதைக் கைப்பற்றிக்கொள்வது தெரிந்தது. எனக்கு அந்தச் சேவை தேவைப்படாததால் நீக்கிவிட்டேன். தேவைப்படுவோர் அதன் விதிக் கோப்பில் அந்த ஒரு எண்ணை மட்டும் விலக்கினால் போதும்.

பிறகு போர்ட்டை 115200 பாட், 8 தரவு பிட், பாரிட்டி (பிழை சரிபார்க்கும் பிட்) இல்லை, 1 ஸ்டாப் பிட் என்று எஸ்டிடிஒய் என்ற லினக்ஸ் கட்டளையால் அமைத்து, வருகிற பைட்டுகளை ஹெக்ஸ் (பதினாறடிமான) எண்களாகத் திரையில் ஓடவிட்டேன். கீழ் அடாப்டரும் போர்டும் தொழிற்சாலையில் போட்ட அதே குறியாக்கச் சாவியிலேயே இருந்ததால் இரண்டும் தாமாகவே இணைந்திருந்தன. ரூட்டர் அவ்வப்போது எல்லோருக்குமாக அனுப்பும் 'இந்த ஐபி முகவரி யாருடையது' என்ற ஏஆர்பி கேள்விகள் போர்டின் சீரியல் முனையில் வந்து விழ வேண்டும். ஏதோ விழவும் செய்தது. ஆனால் அதில் எந்த ஒழுங்கும் இல்லை.

இந்த இடத்தில் பலரும் 9600, 19200, 38400 என்று வேகங்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார்கள். அதில் தவறில்லை, ஆனால் அளந்துவிடுவது விரைவானது. வோல்ட்டேஜின் ஏற்ற இறக்கத்தைப் பதிவுசெய்யும் சிறிய லாஜிக் அனலைசரை ஊசியில் மாட்டி, பல்ஸ்வியூ மென்பொருளில் அலைவடிவத்தைப் பிடித்தேன். இந்தச் சில்லு ஒவ்வொரு ஈதர்நெட் சட்டகத்தின் (ஒரு தடவையில் போகும் தரவுப் பொட்டலம்) முன்னும் ஏஏ என்ற பைட்டை நான்கு முறையும், முடிவில் 55 என்ற பைட்டை இரு முறையும் அனுப்பும். சீரியலில் மதிப்பில் மிகச் சிறிய பிட் முதலில் போவதால், 55 ஆனது ஸ்டார்ட் பிட்டையும் ஸ்டாப் பிட்டையும் சேர்த்து உயர்வும் தாழ்வும் மாறி மாறி வரும் சீப்புப் பற்களைப் போலத் திரையில் தெரியும். ஒரு பல்லின் அகலம்தான் ஒரு பிட்டின் காலம். 115200 ஆக இருந்தால் அது 8.7 மைக்ரோசெகண்ட் இருக்க வேண்டும். எனக்குக் கிடைத்தது 17.4. ஆக, 57600.

வேகத்தை மாற்றியதும் திரை தெளிந்தது. ஏஏ நான்கு, பிறகு 3சி 00, பிறகு இரண்டு பூச்சியங்கள், அதன்பின் எஃப்எஃப் ஆறு. 3சி என்பது 60, அதாவது மிகச் சிறிய ஈதர்நெட் சட்டகத்தின் நீளம். ஆறு எஃப்எஃப் என்பது எல்லோருக்குமான முகவரி. புத்தகத்தில் படித்த அமைப்பு கண்ணெதிரே வரிசையாக வந்து நின்றபோது, இரவு பதினொரு மணிக்கு அதைக் காட்ட வீட்டில் யாரும் விழித்திருக்கவில்லை.

ஆனாலும் பத்துக்கு ஒரு சட்டகம் கெட்டு வந்தது. சிலவற்றில் 60 க்குப் பதில் 59 பைட்டுகளே இருந்தன. சிலவற்றில் நீளம் சரியாக இருந்தும் 0டி இருக்க வேண்டிய இடத்தில் 0ஏ இருந்தது. முதலில் மின்கம்பியின் இரைச்சலைத்தான் சந்தேகித்தேன். அது தவறான சந்தேகம், ஏனென்றால் மின்கம்பியில் சிதைந்த சட்டகத்தைச் சில்லே சரிபார்த்துத் தள்ளிவிடும். அரைகுறையாக என்னிடம் தராது. குற்றவாளி என் மடிக்கணினியின் டெர்மினல் அமைப்பு. லினக்ஸில் சீரியல் போர்ட் என்பது அடிப்படையில் தட்டச்சுப் பலகை கொண்ட பழைய டெர்மினலாகக் கருதப்படுகிறது. அதனால் 0டி வந்தால் அதை வரி முடிவாக எண்ணி 0ஏ ஆக மாற்றும். 11, 13 என்ற ஹெக்ஸ் பைட்டுகள் வந்தால் 'அனுப்பு', 'நிறுத்து' என்ற சைகைகளாக எடுத்துக்கொண்டு விழுங்கிவிடும். போதாக்குறைக்கு எக்கோ இயங்கினால் வந்ததையே போர்டுக்குத் திருப்பியும் அனுப்பும். நான் வேகத்தையும் பிட்டுகளையும் மட்டும் அமைத்துவிட்டு இவற்றை அப்படியே விட்டிருந்தேன். எஸ்டிடிஒய் கட்டளையில் 'ரா' என்ற ஒரே சொல்லைச் சேர்த்து, எக்கோவையும், வன்பொருள், மென்பொருள் இரண்டு வகை ஃப்ளோ கண்ட்ரோலையும் (தரவை நிறுத்தித் தொடரச் செய்யும் ஏற்பாடு) அணைத்ததும் ஒரு சட்டகம்கூடக் கெடவில்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இந்த அமைப்புகள் அத்தனையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும் என்பதை மறுநாள் அதே குழப்பத்தில் அரைமணி நேரம் இழந்து தெரிந்துகொண்டேன்.

அடுத்து, போர்டை மொட்டை மாடியில் நிரந்தரமாக இருக்கப்போகும் ராஸ்பெரி பை 3 என்ற சிறு கணினியுடன் இணைத்தேன். அதில் துல்லியமான யூஆர்ட் இயல்பாக ப்ளூடூத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். வெளி ஊசிகளில் கிடைப்பது மினி யூஆர்ட், அதன் வேகம் செயலியின் மையக் கடிகாரத்தைப் பொறுத்தது. எனவே ப்ளூடூத்தை அணைத்து நல்ல யூஆர்ட்டை ஊசிகளுக்குத் திருப்பினேன். அதே ஊசிகளில் உள்நுழைவுக் கேள்வி கேட்டுக்கொண்டிருக்கும் சீரியல் கன்சோலையும் நிறுத்தினேன். க்யூசிஏ7000 சில்லுக்கான சீரியல் டிரைவர் 2017 இல் 4.13 பதிப்பிலிருந்தே லினக்ஸ் கெர்னலில் இருக்கிறது; ராஸ்பெரி பையில் அதற்கென ஓவர்லே என்னும் வன்பொருள் அமைப்புக் கோப்பு ஒன்றும் உண்டு. கான்ஃபிக் கோப்பில் அதன் பெயரோடு பாட் வேகத்தை 57600 என்று குறிப்பிட்டு மறுதொடக்கம் செய்ததும், புதிய நெட்வொர்க் இடைமுகம் ஒன்று தோன்றி ஐபி முகவரியையும் பெற்றுக்கொண்டது. டிரைவர் போர்ட்டைக் கையில் எடுத்த பிறகு எஸ்டிடிஒய்க்கு அங்கே வேலை இல்லை. வேகத்தைச் சொல்ல வேண்டிய இடம் கான்ஃபிக் கோப்புதான்.

பிங் நேரம், அதாவது ஒரு சிறு சோதனைச் செய்தி போய்த் திரும்பும் நேரம், 45 மில்லிசெகண்டைச் சுற்றி இருந்தது. பிங்கின் 98 பைட் சட்டகம், தலைப்பும் முடிவும் சேர்ந்து 108 பைட். ஒரு பைட்டுக்கு 10 பிட் வீதம் 57600 இல் போக 18.75 மில்லிசெகண்ட், வர மற்றொரு 18.75. முழு நீளச் சட்டகம் என்றால் கால் நொடிக்கும் மேல். தொட்டியின் நீர்மட்டத்துக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் எஸ்எஸ்எச் என்னும் தொலைநுழைவு முறை வழியாக மேலே நுழைந்து ஒரு கோப்பைத் திருத்துவது பொறுமையைச் சோதித்தது. வேகத்தை 115200 ஆக உயர்த்த முடிவு செய்தேன்.

போர்டின் பாட் வேகம் பிப் எனப்படும் அமைப்புத் தொகுதியில் இருக்கிறது. ஓப்பன் பிஎல்சி யூட்டில்ஸ் தொகுப்பில் உள்ள பிஎல்சிடூல் நிரல், மின்கம்பி வழியாகவே தொலைவில் உள்ள கருவியின் மேக் முகவரி என்னும் வன்பொருள் அடையாள எண்ணைக் கொண்டு அந்தத் தொகுதியைக் கோப்பாக இறக்கித் தரும். இறக்கிய கோப்புக்கு முதலில் ஒரு நகல் எடுத்து வைத்தேன். அதில் கருவியின் மேக் முகவரியும் இரகசியச் சாவிகளும் இருப்பதால், ஒரு கருவியின் பிப் கோப்பை இன்னொன்றில் எழுதக் கூடாது. போர்டின் கையேடு காட்டிய இடத்தில் ஹெக்ஸ் எடிட்டரால் வேகத்தை மாற்றி, செக்பிப் நிரலிடம் கொடுத்தபோது கோப்பு கெட்டிருப்பதாகச் சொல்லியது. கோப்பில் பிழை உண்டா என்று காட்டும் செக்சம் எண்ணைத் திருத்தாமல் விட்டிருந்தேன். நகலிலிருந்து மீண்டும் தொடங்கி, செக்சமையும் தானே திருத்திவிடும் செட்பிப் நிரலால் மாற்றியதும் சோதனை தேறியது. எழுதினேன், நிரந்தரமாகச் சேமிக்கச் சொன்னேன், போர்டை மறுதொடக்கம் செய்தேன்.

இணைப்பு செத்துப்போனது. போர்டு 115200 இல் பேச, அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஸ்பெரி பை இன்னும் 57600 இல் காத்திருந்தது. அந்தப் பையை அடைய எனக்கு இருந்த ஒரே வழி அந்தச் சீரியல் இணைப்பே. நுனிக்கிளையில் உட்கார்ந்துகொண்டு அடிக்கிளையை வெட்டிய கதைதான். விசைப்பலகையையும் வீட்டு டிவியையும் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறியபோது, வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "டிவிய மாடிக்கு எதுக்குப்பா கொண்டு போற, அங்க கொசுதான் பாக்கும்" என்றார். மேலே கான்ஃபிக் கோப்பில் ஒரே ஒரு எண்ணை மாற்றி, பையை மறுதொடக்கம் செய்ததும் பிங் 25 மில்லிசெகண்டுக்கு இறங்கியது. பையின் கோப்பை முன்பே திருத்தி, ஐந்து நிமிடம் கழித்துத் தானே மறுதொடக்கம் ஆகும்படி சொல்லிவிட்டு, அந்த இடைவெளியில் போர்டை மாற்றியிருந்தால் படி ஏறியிருக்கவே வேண்டாம்.

மிச்சம் இருந்தது சாவி. ஹோம்பிளக் ஏவி கருவிகள் பெரும்பாலும் "ஹோம்பிளக்ஏவி" என்ற ஒரே கடவுச்சொல்லிலிருந்து பிறந்த சாவியோடு விற்பனைக்கு வருபவை. பக்கத்து வீட்டாரிடம் அதே வகை அடாப்டர் இருந்து, சிக்னலும் அங்கே எட்டினால், அவர் என் வலைப்பின்னலில் கேட்காமலே உட்கார்ந்துவிடலாம். இம்முறை வரிசையை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். முதலில் மேலே உள்ள போர்டுக்குப் புதிய சாவியை எழுதினேன். போர்டு மறுதொடக்கம் ஆனதும் இணைப்பு அறுந்தது, அது எதிர்பார்த்ததுதான். பிறகு கீழே கையெட்டும் தொலைவில் இருந்த அடாப்டருக்கு அதே சாவியைக் கொடுத்தேன். சில நொடிகளில் பிங் திரும்ப ஓடத் தொடங்கியது. தொட்டி அப்போது 62 சதவீதம் காட்டியது. மோட்டாரைப் போட்டுவிட்டு டிவியை மறுபடி சுவரில் மாட்டினேன்.