ஒரே உயரம், இரண்டு எடை

நவம்பர் 4

இருவருக்குப் பொடிப்பனிக்கான ஸ்கீ, அதாவது பனிச்சறுக்குப் பலகை, தேர்ந்தெடுக்க வேண்டும். இருவருக்கும் உயரம் 170 செ.மீ. ஒருவர் 58 கிலோ, மற்றவர் 98. ஸ்கீ நீளப் பட்டியலில் இருவருக்கும் ஒரே வரிதான் வருகிறது: தலை உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, 180. ஆளின் தலை எங்கே முடிகிறது என்று பொடிப்பனிக்கு என்ன தெரியும்? அதற்குத் தெரிந்தது பாரம் ஒன்றுதான்.

நவம்பர் 5

கணக்குப் போட்டாயிற்று. பூட், ஸ்கீ, முதுகுப்பை, உடுப்பு எல்லாவற்றுக்குமாக ஆளுக்குப் பத்துக் கிலோ கூட்டினேன். ஸ்கீயின் நீளம் 180, இடுப்பு, அதாவது நடுவில் ஒடுங்கிய இடம், 112 மி.மீ. மூக்கும் வாலும் இடுப்பைவிட விரிந்தவை என்பதால் சராசரி அகலம் 122. தூக்கி நிற்கும் நுனியைக் கழித்தால் 172 செ.மீ. மிஞ்சும். இரண்டு ஸ்கீக்கும் சேர்த்துப் பரப்பு சுமார் 4,200 சதுர செ.மீ.

58-க்காரர் ஏறி நின்றால் சதுர செ.மீ.க்கு 16 கிராம். 98-க்காரர் நின்றால் 26 கிராம். ஒரே ஸ்கீதான், ஆனால் ஒருவர் மிதப்பார், இன்னொருவர் முழங்கால் வரை உழுவார்.

21 கிராம் என்று நடுவில் ஓர் இலக்கு வைத்துப் பார்த்தேன். 58-க்கு 172 செ.மீ. நீளமும் 90 மி.மீ. இடுப்பும் போதும். 98-க்கு 190 நீளத்தில் இடுப்பு 130 வேண்டும். 130 என்றால் கதவுதான். கட்டிப்பனியில் விளிம்பேற்றும்போது விசை பூட்டின் நடுவிலிருந்து 65 மி.மீ. தள்ளி விழும்; 90 இடுப்பில் அது 45-தான். அந்த 20 மி.மீ.க்கு முழங்கால் நாள் முழுக்க வட்டி கட்டும்.

நவம்பர் 6

பனி இல்லை.

நவம்பர் 8

அன்றைய கணக்கில் ஓர் ஓட்டை: அது நிற்கிறவர்களுக்கான கணக்கு. வேகம் இரட்டித்தால் பனி தரும் தூக்குவிசை ஏறக்குறைய நான்கு மடங்காகும். வேகமாகப் போகிறவருக்கு மிதப்பை வேகமே கொடுத்துவிடும், அகலத்தைக் கடன் வாங்க வேண்டியதில்லை. மரங்களுக்கு நடுவே மெதுவாகத் திரும்புகிறவருக்குத்தான் பரப்பு உயிர்நாடி.

இங்கேதான் சிக்கல். வேகக்காரர் அந்த 58. மரத்துக்குள் நுழைகிறவர் 98. தலைகீழாக இருந்திருந்தால் ஒரே மாலையில் முடிந்திருக்கும்.

58-க்கு: இடுப்பு 104 முதல் 108 வரை, நீளம் 176 அல்லது 178, வால் அதிகம் மேலே வளையாதது, பக்கவிளிம்பின் வளைவு ஆரம் 20 மீட்டருக்குக் குறையாதது. மூக்கும் வாலும் அகன்று இடுப்பு ஒடுங்கியிருக்கிற ஸ்கீ கனத்த பனியில் தானாகவே ஒரு பக்கம் கொக்கி போட்டு இழுக்கும். வேகத்தில் அது ஆபத்து.

98-க்கு: 118, 188. இல்லை, 182-ஆ? மரங்களுக்கு நடுவே ஆறு செ.மீ. பெரிய விஷயம்.

நவம்பர் 9

182-ஆ 188-ஆ.

நவம்பர் 11

விறைப்பைப் பற்றி இன்று. கடையில் மூக்கைப் பிடித்து வளைத்துப் பார்த்து "நல்ல விறைப்பு" என்று சொல்கிறார்களே, அதில் மூக்கைப் பற்றி மட்டும்தான் தெரியும். பூட்டுக்குக் கீழே எப்படி என்பது கைக்கு எட்டாது. ஸ்கீயின் தடிமன் பத்து சதவீதம் கூடினால் விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடும், தடிமனின் மும்மடிக் கணக்கு அது. கண்ணுக்குத் தெரியாத அரை மி.மீ.யில் ஸ்கீ வேறு ஆளாகிவிடும்.

இலகுவானவர் காலில் விறைத்த மூக்கு இருந்தால் அது வளைந்து மேலெழாது, நேராக உள்ளே பாயும். கனத்தவர் காலில் மெத்தென்ற வால் இருந்தால், பின்னால் சாய்ந்த அடுத்த நொடியே அது அமிழ்ந்து, ஆள் உட்கார்ந்துவிடுவார்.

இப்போது 182-க்கு வருகிறேன். பல மாடல்களில் நீளம் கூடக் கூட விறைப்பையும் கூட்டித்தான் செய்கிறார்கள். 98-க்காரருக்கு நீளத்தைக் குறைத்தால் பரப்பும் போகும், விறைப்பும் போகும். ஆகவே 188. மரங்களுக்குத் தேவையான சுலபத்தை ராக்கரிலிருந்து, அதாவது மூக்கும் வாலும் மேல்நோக்கி வளைவதிலிருந்து, எடுக்க வேண்டும், நீளத்திலிருந்து அல்ல.

நவம்பர் 12

ராக்கரை விளம்பரத்தில் படிக்காதே, அளந்து பார். இரண்டு ஸ்கீயின் அடிப்பக்கங்களையும் ஒன்றோடொன்று ஒட்டி, பூட் நிற்கும் இடத்தில் இறுக்கிப் பிடித்து அழுத்து. நடுவில் மேலெழும் வளைவு (கேம்பர்) தட்டையாகிவிடும். இப்போது மூக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாளை உள்ளே விடு, அது சிக்குகிற இடத்தில் ஒட்டுநாடா. வால் பக்கமும் அப்படியே. மூக்கில் 42, வாலில் 28 வந்தால், 188-இல் மிச்சம் 118 செ.மீ.தான் கட்டிப்பனியைத் தொடும். "188 ரொம்ப நீளம்" என்று பயப்படுகிறவர் இந்த 118-ஐ ஒருமுறை பார்க்கட்டும்.

இந்தத் தலைகீழ் வளைவை ஒரு வெறியோடு துரத்தியவர் ஸ்கீ வீரர் ஷேன் மெக்காங்கி. அலாஸ்காவில் நீர்ச்சறுக்குப் பலகையில் பைண்டிங், அதாவது பூட்டைப் பலகையோடு பிணைக்கும் கருவி, பொருத்திப் பொடிப்பனியில் இறங்கினார். பிறகு வந்த வோலன்ட் ஸ்பேச்சுலா என்ற ஸ்கீயின் அளவுகள் 115, 125, 120: மூக்கையும் வாலையும்விட நடுப்பகுதி அகலம். கட்டிப்பனியில் அதை ஓட்டுவது தண்டனை. பொடிப்பனிக்கு அந்த மனிதர் சொன்னது சரி.

நவம்பர் 14

மேகம் மட்டும்.

நவம்பர் 15

பைண்டிங் எந்த அழுத்தத்தில் கழல வேண்டும் என்று சொல்லும் அட்டவணை என் மூக்கை உடைத்தது. எடை மட்டும் போதும் என்று பத்து நாளாக முழங்கிக்கொண்டிருந்தேன். இங்கே எடைக்கு ஒரு வரி, உயரத்துக்கு ஒரு வரி. இரண்டும் பொருந்தாவிட்டால் மேலே இருக்கிற, அதாவது குறைந்த அழுத்தமுள்ள வரியை எடுக்க வேண்டும். 98 கிலோ கடைசி வரி. 170 செ.மீ. அதற்கு இரண்டு வரி மேலே. ஆகவே அவர் 67–78 கிலோ வரியில் உட்காருகிறார். 58-க்காரரை எடையே நிறுத்துகிறது, அதற்கு ஒரே ஒரு வரி மேலே. நாற்பது கிலோ வித்தியாசம் இங்கே ஒரு வரி! அதற்குப் பிறகுதான் ஓட்டும் விதம், வயது, பூட் அடி நீளம். ஐம்பது தாண்டியவருக்கு இன்னொரு வரி மேலே.

பொடிப்பனியில் கழன்றால் ஸ்கீ தொலைந்துவிடும் என்று பைண்டிங்கின் அழுத்தத்தை ஏற்றி வைக்கிறார்கள். கூடாது. ஸ்கீ போனால் இன்னொன்று வாங்கலாம், முழங்கால் தசைநாருக்கு அப்படிக் கடை இல்லை. பைண்டிங்கில் பளிச்சென்ற நிறத்தில் இரண்டு மீட்டர் நாடாவைக் கட்டி, மடித்துக் கால்சட்டைக்குள் செருகிவிட்டால் போதும். தேடும்போது விழுந்து கிடக்கிற இடத்தைவிட மேலே தேடு, பலரும் கீழே தேடி மாலையைத் தொலைக்கிறார்கள். மற்ற ஸ்கீயின் வாலைக் கத்தி மாதிரி பிடித்துச் சரிவுக்குக் குறுக்கே கீறிக்கொண்டே போனால் 'டக்' என்று தட்டும்.

நவம்பர் 16

கழன்ற ஸ்கீயை ஓடவிடாமல் நிறுத்தும் பிரேக்: 118 இடுப்புக்கு 120. 115-ஐ வளைத்துப் பொருத்தலாம் என்பவர்கள் பேச்சைக் கேட்காதே, வளைந்த பிரேக் கை விளிம்பில் உரசி ஒருநாள் சிக்கிக்கொள்ளும். 130 போட்டால் வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து ஸ்கீயில் மாட்டலாம்.

நவம்பர் 18

துளை போடும் நாள் நெருங்குகிறது. அகலம் தப்பினால் வேறு ஸ்கீ. துளை தப்பினால் அதே ஸ்கீயில் பக்கத்திலேயே இன்னொரு துளை, மரக்கருவில் பலவீனம். துளைக்கும் அலகு எவ்வளவு தடிமன் என்பது ஸ்கீயின் மேலேயே அச்சாகியிருக்கும்: உலோகத் தகடு உள்ளே இருந்தால் பெரும்பாலும் 4.1 மி.மீ., இல்லாவிட்டால் 3.5. ஆழம் 9. துளையில் நீர்புகாப் பசை.

58-க்குப் பூட்டின் நடு, தயாரிப்பாளர் ஸ்கீயில் போட்டிருக்கிற கோட்டிலேயே. 98-க்கும் அதே கோடா, ஒரு செ.மீ. பின்னாலா? பின்னால் தள்ளினால் மூக்கு மிதக்கும், ஆனால் மரங்களுக்கு நடுவே திரும்ப அடம்பிடிக்கும். 188 எடுத்ததே மிதப்புக்காகத்தான். அப்படியானால் கோட்டிலேயே.

நவம்பர் 19

ஒரு செ.மீ. பின்னாலா?

நவம்பர் 20

காலையிலிருந்து விழுகிறது. பூட்டின் நடுக்கோட்டை ஒட்டுநாடாமேல் பென்சிலால் குறித்தாயிற்று. அலகில் 9 மி.மீ.க்கு நிறுத்துவளையம் மாட்டியாயிற்று. கோட்டிலேயே,