பிரட்டலுக்கு எந்தப் போத்தல்?

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் ஒயின் கடைக்கு வருகிறவர்கள் எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "கிறிஸ்துமஸ் விருந்துக்கு எதை வாங்கலாம்?" வான்கோழி சுடுகிற வீடு என்றால் அரை நிமிடத்தில் பதில் சொல்லிவிடுவேன். வான்கோழிக்கு பினோ நுவார் என்ற சிவப்பு ஒயின், பன்றித் தொடைக்கு ரோசே என்ற இளஞ்சிவப்பு ஒயின். ஐரோப்பியர்கள் உண்டும் குடித்தும் பார்த்து எழுதிவைத்த விடைகள் அவை. தமிழர் வீட்டு விருந்து என்றால்தான் எனக்கு வேலை தொடங்குகிறது.

சிங்கப்பூரில் ஓர் ஒயின் கடையில் ஒன்பது ஆண்டுகளாக விற்பனையாளராக இருக்கிறேன். என் வீட்டில் யாரும் குடிப்பதில்லை. அப்பா இன்றுவரை உறவினர்களிடம் நான் "பானங்கள் இறக்குமதி செய்யும் நிறுவனத்தில்" இருப்பதாகத்தான் சொல்கிறார். பொய் இல்லை. கேட்பவர்கள் ஆரஞ்சுச் சாறு என்று நினைத்துக்கொண்டால் அது அவர்கள் பாடு.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு டிசம்பரில் ஓர் ஆன்ட்டி வந்தார். ஓஃபிர் சாலை லூர்து மாதா ஆலயத்தில் திருப்பலி முடிந்ததும் பதினெட்டுப் பேர் அவருடைய வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்குச் சாப்பிட வருவார்களாம். பிரியாணி, ஆட்டுக்கறி பிரட்டல், இறால் சம்பால், புளி கரைத்து ஊற்றிய மீன் கறி. நான் அப்போதுதான் பயிற்சி வகுப்பு முடித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். ஆட்டுக்கறி என்ற சொல் காதில் விழுந்ததுமே கை ஆஸ்திரேலிய கேபர்னே சோவின்யோன் சிவப்பு ஒயினை நோக்கிப் போய்விட்டது. ஓக் பீப்பாயில் முதிர்ந்தது, ஆல்கஹால் 14.5 விழுக்காடு, போத்தல் 48 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). இரண்டு கொடுத்தேன். அன்று முழுக்க என் மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை கூடியிருந்தது.

ஜனவரியில் அவர் மீண்டும் வந்தார். புகார் செய்ய வந்தவராகத் தெரியவில்லை, கையில் ஒரு டப்பா அச்சு முறுக்கு இருந்தது.

"தம்பி, நீங்கள் கொடுத்தது விலை உயர்ந்த சரக்குதான். ஆனால் முதல் வாயிலேயே துவர்த்துவிட்டது. பச்சை வாழைக்காயைக் கடித்த மாதிரி. அதற்குமேல் கறியின் காரம் ஏறிக்கொண்டது. என் கொழுந்தனார் தண்ணீர்க் குவளையைக் கீழே வைக்கவே இல்லை."

துவர்ப்பு. ஒயினில் நாக்கை இழுக்கும் பொருளான டானின் என்பதை விளங்கவைக்க வகுப்பில் எங்களுக்கு ஆறிப்போன கடுந்தேநீர் கொடுத்தார்கள். நாக்கு உலர்கிறதா, ஈறு இழுக்கிறதா என்று கேட்டுக் கேட்டுக் குறிப்பெடுக்க வைத்தார்கள். வாழைப்பூவையும் கடுக்காயையும் தின்று வளர்ந்தவன் நான். அறுசுவையில் ஒன்றாகச் சிறுவயதிலேயே மனப்பாடம் செய்த சொல் அது. இரண்டும் ஒன்றுதான் என்று அந்த ஆன்ட்டி சொல்லும்வரை எனக்கு உறைக்கவே இல்லை.

டானின் உமிழ்நீரிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால்தான் நாக்கு வறண்டுபோகிறது. உப்பு மட்டும் தடவிச் சுட்ட ஆட்டுத் துண்டாக இருந்தால் அதன் கொழுப்பும் புரதமும் அந்த வறட்சியைத் தணித்துவிடும். பாடப்புத்தகம் சொல்வது அந்த ஆடு. பிரட்டலில் ஆடு பின்னால்தான் வருகிறது. நாக்கை முதலில் தொடுவது மிளகாய், மிளகு, சுருளச் சுருள வதங்கிய வெங்காயம். மிளகாயிலுள்ள கேப்சைசின் எந்த நரம்பு உணர்வியைத் தூண்டி எரிச்சல் தருகிறதோ, அதையே ஆல்கஹாலும் தூண்டும். 14.5 விழுக்காட்டை அதன்மேல் ஊற்றினால் கொழுந்தனார் தண்ணீருக்குத் தவிக்காமல் என்ன செய்வார்?

அதன்பிறகு வாடிக்கையாளரிடம் "என்ன கறி?" என்று கேட்பதை நிறுத்திவிட்டேன். மிளகாய் எவ்வளவு, புளியா தேங்காய்ப்பாலா, வறுவலா குழம்பா என்றுதான் கேட்கிறேன். சமையல் குறிப்பு திருடுகிறேனோ என்று சிலர் சந்தேகத்தோடு பார்ப்பதுண்டு.

காரமான, புளிப்பான சாப்பாட்டுக்கு நான் முதலில் எடுத்துக் காட்டுவது ஜெர்மனியின் மோசல் பகுதி ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின். இலேசான இனிப்புள்ள வகைகளில் ஆல்கஹால் எட்டு, ஒன்பது விழுக்காடுதான் இருக்கும். இனிப்பு காரத்தை அடக்கும். புளிப்பு, மீன் கறியின் புளிக்கு ஈடுகொடுக்கும். உணவைவிடப் புளிப்புக் குறைந்த ஒயின் வாயில் சப்பென்று போய்விடும். ஒரே ஓர் எச்சரிக்கை: ஒட்டுச்சீட்டில் 'ட்ராக்கன்' (Trocken) என்றிருந்தால் அது இனிப்பில்லாதது. பிரட்டலுக்கு என்றால் அதைத் தவிர்த்துவிடலாம்.

இதில் பணமும் கொஞ்சம் மிஞ்சும். இங்கே ஒயினுக்கான தீர்வை விலையைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை. அதிலுள்ள ஆல்கஹாலுக்கு, லிட்டருக்கு 88 வெள்ளி. 750 மில்லிலிட்டர் போத்தலில் 14.5 விழுக்காடு என்றால் தீர்வை 9 வெள்ளி 57 காசு. 8.5 விழுக்காடு என்றால் 5 வெள்ளி 61 காசு. அதற்குமேல் பொருள் சேவை வரி. இருபது வெள்ளிப் போத்தல் வாங்குகிறவர் ஏறக்குறைய பாதியை வரியாகத்தான் கொடுக்கிறார் என்பதை நான் கடையில் உரக்கச் சொல்வதில்லை.

சிவப்புதான் வேண்டும் என்பவர்களுக்கு போஜோலே. காமே திராட்சை, துவர்ப்பு குறைவு. அதையும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைத்துக் கொடுக்க வேண்டும். சிவப்பு ஒயினை "அறை வெப்பத்தில்" பரிமாறச் சொன்னவர்களின் அறை பதினாறு, பதினெட்டு டிகிரி. நம் வீவக சமையலறை அடுப்பு எரியாதபோதே முப்பது. முறுக்குக்கும் வறுவலுக்கும் நுரைக்கும் ஒயின். கேசரிக்கு மொஸ்காட்டோ என்ற இனிப்பு ஒயின், ஏனென்றால் ஒயின் பலகாரத்தைவிட இனிப்பாக இல்லாவிட்டால் கசக்கும். எதுவானாலும் இரவு 10.30க்குள் வந்துவிட வேண்டும். அதற்குமேல் விற்பது சட்டப்படி குற்றம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு 10.35க்கு மூச்சிரைக்க வந்து நின்ற ஒருவரைத் திருப்பி அனுப்பியது இன்னும் உறுத்துகிறது.

அடுத்த டிசம்பரில் ஆன்ட்டி டிபன் கேரியரோடு வந்தார். முதல் நாளே ஒரு கை பிரட்டல் செய்து எடுத்துவந்திருந்தார். "வாயால் சொன்னால் உனக்குப் புரியாது, தின்று பார்." 'நீங்கள்' எப்போது 'நீ' ஆனது என்று தெரியவில்லை. பின்னறையில் சுவை பார்க்கத் திறந்துவைத்திருந்த போத்தல்கள் இருந்தன. எங்கள் சீன மேலாளரும் ஒரு துண்டு எடுத்தார். அடுத்த நொடி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அவர் கை ரீஸ்லிங் இருந்த கோப்பைக்குப் போனது.

ஆன்ட்டி ஒரு மிடறு குடித்தார், ஒரு துண்டு தின்றார், மறுபடி குடித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "இனிப்பாக இருக்கிறதே, ஆண்கள் கேலி செய்ய மாட்டார்களா?"

"முதலில் ஊற்றிக் கொடுங்கள் ஆன்ட்டி. கோப்பை காலியான பிறகு என்னவென்று சொல்லுங்கள்."

நான்கு போத்தல் எடுத்துக்கொண்டார். பணம் கட்டப் போனவர் திரும்பிவந்து, அலமாரியிலிருந்து அந்தப் பழைய கேபர்னேயிலும் ஒன்றை இறக்கினார்.

"இது எதற்கு?"

"கொழுந்தனாருக்கு. மேசையில் விலை உயர்ந்த சிவப்புப் போத்தல் இல்லையென்றால் அவருக்கு அது விருந்தே இல்லை."