செல்லப்பா கதை சொன்ன வாரம்

14 ஜூன் 2025, சனி

அண்ணன் மகள் தன் தோழியர் இருவரோடு இன்று மாலை கோலாலம்பூரில் எங்கள் செந்தூல் வீட்டுக்கு வந்திருந்தாள். மழை பிடித்துக்கொண்டதால் வெளியே போக வழியில்லாமல் மூவரும் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தபோது, ‘காதலிக்க நேரமில்லை’ படத்தைப் போட்டேன். 1964இல் வந்த படம் என்றதும் கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும் என்று முகம் சுளித்தவர்கள், தொடக்கத்திலேயே வண்ணத்தைக் கண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கு முன் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ எடுத்து மக்களை அழவைத்த ஸ்ரீதர்தான் இதையும் எடுத்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

15 ஜூன், ஞாயிறு

நேற்றைய சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. சொந்தப் படம் எடுக்கத் துடிக்கும் செல்லப்பாவாக வரும் நாகேஷ், பணம் போடவேண்டிய அப்பா பாலையாவை உட்காரவைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சி வந்தபோது, மூன்று பெண்களின் கைப்பேசிகளும் தாமாகவே மடிக்கு இறங்கிவிட்டன. அந்தக் காட்சியில் பேயும் இல்லை, இருட்டு மாளிகையும் இல்லை. நாகேஷ் வாயாலேயே ஒலிகளை எழுப்பிக்கொண்டு போகப் போக, எஸ்டேட்டையே அதட்டி ஆளும் மனிதரின் முகத்தில் அச்சம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிறது. “அத்தை, அவர் கதையே சொல்லவில்லையே, வெறும் சத்தம்தானே?” என்று கேட்டாள் அண்ணன் மகள். அவள் சரியாகத்தான் பிடித்திருக்கிறாள். நாகேஷின் குறும்பைப் போலவே, சிறு பிள்ளையைப் போல நம்பிவிடும் பாலையாவின் கண்களும் நம்மைச் சிரிக்கவைக்கின்றன. நம்பாத அப்பாவிடம் இந்தக் கதை எடுபட்டிருக்காது.

18 ஜூன், புதன்

அம்மாவிடம் தொலைபேசியில் இதைச் சொன்னேன். பதினேழு பதினெட்டு வயதில் தோழிகளோடு கொட்டகையில் பார்த்த படம் என்றார். “ரவிச்சந்திரன் நம்ம ஊருப் பிள்ளையாச்சே!” என்று சொன்னபோது அவர் குரலில் அந்த வயது திரும்பிவிட்டது. கோலாலம்பூரில் பிறந்து, திருச்சியில் படித்து, இந்தப் படத்திலேயே கதாநாயகனாக அறிமுகமானவர் அவர். வேலையை விட்டு நீக்கிய முதலாளி பாலையாவின் வீட்டெதிரே கூடாரம் போட்டு, ‘விஸ்வநாதன் வேலை வேண்டும்’ என்று பாடி அவர் போராடுவதைப் பார்க்கும்போது, கோபத்தையும் இவ்வளவு உற்சாகமாகக் காட்ட முடியுமா என்று தோன்றுகிறது. பெரியவரை ஏமாற்றும் பிள்ளைகள் யாரும் அவரை வெறுப்பதில்லை. அவரும் கொடியவர் அல்லர், பணக்கார மாப்பிள்ளை வேண்டும் என்ற ஆசை மட்டும் கொஞ்சம் அதிகம். அடிதடி வில்லன் இல்லாமலேயே கதை நகர்வதற்கு அந்த ஆசை ஒன்றே போதும் என்று ஸ்ரீதரும் அவரோடு சேர்ந்து கதை எழுதிய சித்ராலயா கோபுவும் நம்பியிருக்கிறார்கள். பாட்டியின் இளமையும் பேத்தியின் இளமையும் ஒரே இடத்தில் சிரிப்பதற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

21 ஜூன், சனி

இன்று காலை அண்ணன் வீட்டில் பசியாறினோம். அண்ணன் தோசையைப் பிட்டு வாயருகே கொண்டுபோன நேரத்தில், அவருக்குப் பின்னால் வந்து நின்ற மகள், துருப்பிடித்த கதவு மெல்லத் திறப்பதுபோல் தொண்டையிலிருந்து ஒரு நீண்ட ஒலியை எழுப்பினாள். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, கையில் இருந்த தோசையைத் தட்டில் வைத்துவிட்டு, கண்களை அகல விரித்து, “அப்புறம்?” என்றார்.