சிந்துவெளிச் சமயக் கேள்விக்கு நான் எழுதிய விதம்

யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வின் மெயின்ஸ் (முதன்மைத் தேர்வு) மதிப்பெண் பட்டியல் வந்துவிட்டது. வரலாறு விருப்பப் பாடம் கைகொடுத்தது, இறுதிப் பட்டியலிலும் பெயர் இருக்கிறது. அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன். தாள் அமைப்பு, நேரப் பங்கீடு எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நான் சொல்ல வருவது சிந்துவெளியில் ஒரே ஒரு மூலையைப் பற்றி: சமயம்.

சிலபஸில் சிந்துவெளி நாகரிகத்தின் 'வீழ்ச்சி'க்கு அடுத்தே 'நீடிப்பு' (அதன் கூறுகள் பிற்காலத்திலும் தொடர்வது) என்றும் இருக்கும். இந்து சமயத்தின் வேர் ஹரப்பாவில் (சிந்துவெளி நாகரிகத்துக்கு இன்னொரு பெயர்) உண்டா என்ற கேள்வி அங்கிருந்துதான் கிளம்புகிறது. நான் போன பயிற்சி மையத்தின் நோட்ஸில் இதற்கு நான்கே வரி. பசுபதி, தாய்த் தெய்வம், லிங்கம், அரச மரம். ஒவ்வொன்றும் 'வழிபட்டனர்' என்று முடியும். அதற்குக் கட்டிய பணத்தை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

எனக்கு மதிப்பெண் வாங்கித் தந்தது ஒரே பழக்கம்தான். பொருளில் கண்ணுக்குத் தெரிவதை முதலில் எழுது, அதற்கு விளக்கம் சொன்னவரை அடுத்து எழுது, மறுத்தவரைக் கடைசியில் எழுது. இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

'பசுபதி முத்திரை' எனப்படும் மொகஞ்சதாரோ முத்திரை 420ஐ எடுத்துக்கொள்வோம். மூன்றரை சென்டிமீட்டர் சதுரம், அவ்வளவுதான். கொம்பு வைத்த தலையணியோடு ஒருவர் மேடையில் கால் மடக்கி உட்கார்ந்திருக்கிறார். சுற்றி யானை, புலி, காண்டாமிருகம், எருமை. மேடைக்குக் கீழே மான் போன்ற இரண்டு விலங்குகள். இதுவரை யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். மூன்று முகம், யோக நிலை, விலங்குகளின் தலைவன், ஆகவே ஆதி சிவன் என்று 1931இல் எழுதியவர் தொல்லியலாளர் ஜான் மார்ஷல். பக்கவாட்டு முகங்கள் முகங்களே அல்ல, எருமைக் காதுகள் என்றார் ஆய்வாளர் டோரிஸ் ஸ்ரீனிவாசன். பசுபதி என்றால் 'பசு'க்களின் தலைவன்; ஆனால் வேதத்தில் 'பசு' என்றால் வளர்ப்பு விலங்கு, முத்திரையில் இருப்பதோ காட்டு விலங்குகள் என்ற மறுப்பும் உண்டு. இந்த ஒரு முத்திரையை மட்டும் நன்றாகப் படித்துவிட்டுப் போனாலே 150 சொல் விடை நிறைந்துவிடும். முத்திரையைப் படமாக வரைந்தும் பழகுங்கள்.

மற்றவை, சுருக்கமாக:

- மொகஞ்சதாரோ பெருங்குளம்: சுமார் 12 x 7 மீட்டர், 2.4 மீட்டர் ஆழம், நீர் கசியாமல் நிலக்கீல் பூச்சு. சடங்கு நீராடல் என்பது ஊகம். கோயில் என்று உறுதியாகச் சொல்லும்படி எந்தக் கட்டடமும் கிடைக்கவில்லை.
- காளிபங்கன் (ராஜஸ்தான்): மேடைமேல் வரிசையாக ஏழு தீக்குழிகள். மொகஞ்சதாரோவில் இப்படி இல்லை. ஆகவே 'ஹரப்பா மதம்' என்று ஒருமையில் எழுதாதீர்கள்.
- லிங்கக் கற்கள்: இவை லிங்கம்தான் என்பதைத் தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்திருக்கிறார்.
- நௌஷாரோ (பாகிஸ்தானின் பலூசிஸ்தான்) பெண் சுடுமண் உருவங்கள்: நடுவகிட்டில் சிவப்பு வண்ணம், இன்று பெண்கள் வகிட்டில் குங்குமம் வைப்பதுபோல. நீடிப்புக்கு எனக்கு மிகப் பிடித்த உதாரணம், நோட்ஸில் இருக்காது.
- ராகிகடி (ஹரியானா) மரபணு ஆய்வு, 2019: ஒரே பெண்ணின் எலும்பு, ஸ்டெப்பி (யுரேசியப் புல்வெளி) மக்களின் மரபுக்கூறு இல்லை. ஒரு வரி போதும். அதை வைத்து அவர் எந்தச் சாமியைக் கும்பிட்டார் என்று சொல்ல முடியாது.

ஆரியர் படையெடுத்து வந்து சிந்துவெளி மக்களைக் கொன்றார்கள் என்ற, தொல்லியலாளர் வீலரின் 1947 படுகொலைக் கதையை இன்னும் சிலர் எழுதுகிறார்கள். இந்திரன் கோட்டைகளை உடைத்தான் என்று ரிக் வேதம் சொல்வதை மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகளோடு அவர் முடிச்சுப் போட்டார். அவை எல்லாம் ஒரே காலத்தவை அல்ல என்று 1964இல் அதை உடைத்தவரும் அதே டேல்ஸ்தான். ஒரு பெயரைப் படித்தால் இரண்டு இடத்தில் உதவும், இதுமாதிரி ஆட்களைத் தேடிப் பிடியுங்கள்.

நான் சுபாவத்திலேயே எதையும் சட்டென்று நம்பாத ஆள், அதனால் இந்த முறை எனக்கு ஒத்துவந்தது. எல்லாம் வேதமே என்பவரும் எல்லாம் திராவிடமே என்பவரும் குரூப் டிஸ்கஷனில் மோதிக்கொண்டபோது நான் அறைக்குப் போய்ப் பழைய கேள்வித்தாள் பார்த்தேன். நீங்கள் விவாதத்தில் கற்கும் ரகம் என்றால் தாராளமாக உட்காருங்கள். ஆனால் விடைத்தாளில் நிதானம் வேண்டும். 1977இல் சிந்துவெளி எழுத்துருக்களைத் தொகுத்து வெளியிட்ட ஐராவதம் மகாதேவனும் (அவரும் ஐ.ஏ.எஸ். தான்!) அந்த எழுத்தின் மொழி திராவிடம் என்ற கருதுகோளை முன்வைத்தார். அதைக் கருதுகோள் என்றே எழுதுங்கள். எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை. ஒரு தெய்வத்தின் பெயர்கூட நமக்குத் தெரியாது.

அப்புறம், வரைபடத்தில் குறித்த இடங்களுக்குச் சிறுகுறிப்பு எழுதும் கேள்வி. காளிபங்கன் வந்தால் கக்கர் ஆற்றின் கரை, தீக்குழி, உழுத வயல், மூன்றையும் எழுதிவிடுங்கள். இரண்டரை மதிப்பெண்ணுக்கு அது போதும்.