முக்காலிக்கு ஆளி விதை எண்ணெய்

தேயிலை மலையில் நிழலுக்கு நின்ற சவுக்கு (சில்வர் ஓக்) மரத்தின் பலகையில் ஒரு முக்காலி செய்தேன். வார்னிஷ் அடிக்க மனம் வரவில்லை. தொட்டால் மரம் மரமாகவே தெரிய வேண்டும். அதனால் ஆளி விதை எண்ணெய், பச்சை எண்ணெயாகவே வாங்கினேன். ‘பொயில்ட்’ என்று விற்பதில் சீக்கிரம் காய்வதற்காக உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். எனக்கு அவசரம் இல்லை.

ஜூலையில், ஹட்டனில் பனியும் தூறலும் விடாத நாட்களில், தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். ஒரு வாரம் கழித்துத் தொட்டால் பிசுபிசுப்பு. மூன்றாவது வாரத்தில் அதன்மேல் தூசியும் பூனை மயிரும் ஒட்டிக்கிடந்தன. பார்க்கவே வேதனையாக இருந்தது.

தவறு அளவில்தான். இந்த எண்ணெய் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஒட்சிசனை இழுத்துத் தனக்குள்ளேயே பின்னிக்கொண்டு இறுகுகிறது. தடிப்பாகப் பூசினால் மேலே ஆடை கட்டும், அடியில் காற்றுப் போகாது. குளிரில் அந்த வேலை இன்னும் மெதுவாக நடக்கும்.

“வீட்டில் இருக்கிற தேங்காயெண்ணெயைத் தடவினால் என்ன?” என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்விதான், ஒரு துண்டில் தடவியும் பார்த்தேன். இரண்டு மாதமாகியும் விரலில் எண்ணெய் ஒட்டுகிறது. அதன் கொழுப்பில் சுமார் 90 சதவீதம் நிறைவுற்றது, ஒட்சிசன் பிடிக்க இடமே இல்லை. ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெனிக் அமிலம், அதுதான் இறுகுகிறது.

சரி, டர்பன்டைன் நனைத்த துணியால் பிசினைத் துடைத்தெடுத்து, சேண்ட் பேப்பர் போட்டு, முதலிலிருந்து தொடங்கினேன். இந்தமுறை சில துளிகள்தான். தேய்த்து, இருபது நிமிடம் விட்டு, மரம் உலர்ந்ததுபோல் தெரியும்வரை மிச்சத்தைத் துடைத்தேன். வெயில் எட்டிப்பார்த்த காலைகளில் வாசலில் வைத்தேன். ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு வாரம்.

துடைத்த துணியைச் சுருட்டி எறியாதீர்கள். இறுகும்போது சூடு வரும். கசங்கிய துணிக்குள் அது தேங்கினால் தானாகவே தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துக் காயவிட்ட பிறகுதான் குப்பையில் போடுகிறேன். லயத்து வீடுகளில் அடுத்த வீடு ஒரு சுவர் தூரம்தான்.

இப்போது நான்கு பூச்சு முடிந்தது. பலகை தேன் நிறத்துக்கு வந்து, சவுக்கின் புள்ளிப் புள்ளி ரேகை அழகாக எழுந்து நிற்கிறது. நேற்றுச் சூடான தேத்தண்ணிக் கோப்பை வைத்த இடத்தில் மங்கலாக ஒரு வளையம். அதன்மேல் ஒரு துளி தேய்த்துவிட்டிருக்கிறேன், அடுத்த வாரம் பார்க்க வேண்டும்.