அளந்ததைச் சொல்ல வேண்டும்

கனநீர் (கன ஹைட்ரஜன் சேர்ந்த தண்ணீர்) பயன்படுத்தும் அணு உலைக்குள் போகும் ஒரு ஃப்யூவல் பண்டில், அதாவது எரிபொருள் கட்டு, அரை மீட்டர் நீளம்தான் இருக்கும். 19 மெல்லிய சிர்க்கலாய் (சிர்கோனியம் கலப்பு உலோகம்) குழாய்களைக் கட்டாகச் சேர்த்திருப்பார்கள். உள்ளே யுரேனியம் ஆக்சைடு வில்லைகள், 15 கிலோ அளவுக்கு. ஹைதராபாத்தில் தயாராகி வருகிறது. புதிதாக இருக்கும்போது கையுறை போட்டுக்கொண்டு இரண்டு கையாலும் தூக்கலாம். நானே தூக்கியிருக்கிறேன். அதே பண்டில் உலைக்குள் போய் வேலையை முடித்து வெளியே வந்த பிறகு, மறைப்பு இல்லாமல் பக்கத்தில் சில நிமிடம் நின்றாலே உயிர் போய்விடும். அதனால் அதை மனிதக் கை தொடுவதே இல்லை. இயந்திரம்தான் வெளியே எடுக்கும். பல மீட்டர் ஆழத் தண்ணீருக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் அந்த ஒரு பண்டில் கொடுக்கும் மின்சாரம் தோராயமாக 6 லட்சம் யூனிட். மாதம் 200 யூனிட் செலவழிக்கும் 250 வீடுகளுக்கு ஒரு வருடத்துக்குப் போதும். நிலக்கரியில் இதை எடுக்க 400 டன்னாவது எரிக்க வேண்டும். எண்ணூர்ப் பக்கம் போனவர்களுக்கு அந்த நிலக்கரி என்னவாகிறது என்று தெரியும். கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தில் படிந்த சாம்பலில் இறால் பிடிக்கிறவர்கள் கால் வைத்து நடக்கிறார்கள். அணுமின்சாரத்தின் ஆபத்தைப் பேசுகிறவர்கள் இந்தச் சாம்பலையும் கணக்கில் சேர்த்துத்தான் பேச வேண்டும். ஆரல்வாய்மொழியில் காற்று ஆனி, ஆடியில் வரும். மார்கழி ராத்திரியில் வராது. சூரியத் தகடு சாயங்காலத்தோடு சரி. காற்றும் வெயிலும் இல்லாத நேரத்தில் புகையில்லாமல் ஓடும் நிலையம் வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நான் ஹெல்த் பிசிக்ஸ் பிரிவில் இருந்தவன். நாட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். உலையை ஓட்டுவது எங்கள் வேலை இல்லை. உலையைச் சுற்றி வேலை செய்கிற மனிதர்கள் மேல் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அளப்பதுதான் வேலை. மார்பில் கதிர்வீச்சைப் பதிவு செய்யும் டி.எல்.டி பேட்ஜ் இருக்கிறதா, கனநீர் இருக்கும் இடத்துக்குப் போகிறவர் பிளாஸ்டிக் சூட் போட்டிருக்கிறாரா, வெளியே வந்தவர் சிறுநீர் சாம்பிள் கொடுத்தாரா, இதெல்லாம் பார்க்க வேண்டும். சிறுநீர் எதற்கு என்றால், கனநீரில் உருவாகும் டிரிடியம் என்ற கதிரியக்க ஹைட்ரஜன் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போய்விடும். வெளியே மாட்டியிருக்கும் பேட்ஜ் அதைக் காட்டாது.

உலை வெடித்துவிடுமா என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அணுகுண்டு மாதிரி வெடிக்காது, எளிதில் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம் மட்டுமே உள்ள இயற்கை யுரேனியத்தில் அது நடக்கவே நடக்காது. உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. உலையை நிறுத்திய பிறகும் அது சூடாகிக்கொண்டே இருக்கும். 220 மெகாவாட் மின்சாரம் தரும் உலை உள்ளுக்குள் சுமார் 800 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஷட் டவுன் ஆன அந்த நொடியிலும் அதில் 6, 7 சதவீதம் மிச்சம் இருக்கும், அதாவது கிட்டத்தட்ட 50 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 4 மெகாவாட். இரண்டாயிரம் வீட்டு கெய்சர்களை ஒரே அறையில் போட்டு, அணைக்க முடியாமல் விட்டதுபோல. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் பிரச்சினை இல்லை. தண்ணீர் ஓட பம்பு ஓட வேண்டும், பம்பு ஓட மின்சாரம் வேண்டும். மின்சாரம் தயாரிக்கிற இடத்துக்கே மின்சாரம் கிடைக்காமல் போவதுதான் எங்கள் ஆட்கள் பயப்படும் விஷயம்.

2004 டிசம்பர் 26 காலையில் கல்பாக்கத்தில் முதல் யூனிட் புதுப்பிப்பு வேலைக்காக ஏற்கெனவே நின்றிருந்தது. இரண்டாவது யூனிட் ஓடிக்கொண்டிருந்தது. கடல் தண்ணீர் எடுக்கும் சுரங்கக் குழாய் வழியாகவே சுனாமி பம்பு அறைக்குள் ஏறியது. கன்ட்ரோல் ரூமில் இருந்தவர்கள் உலையை டிரிப் செய்தார்கள், அதாவது உடனே நிறுத்தினார்கள். குளிர்விப்பு நிற்கவில்லை, கதிர்வீச்சு வெளியேறவில்லை. ஒரு வாரத்தில் உலை மறுபடி ஓடியது. ஆனால் நகரியத்திலும் சுற்றியிருந்த மீனவர் குப்பங்களிலும் கடல் உயிர்களைக் கொண்டு போனது. உலையைப் பற்றிப் பெருமையாகப் பேசும்போது அந்தச் சாவுகளைத் தாண்டிப் போய்விடுவது எனக்குச் சம்மதமில்லை.

2011 மார்ச் 11 அன்று ஃபுகுஷிமாவில் நடந்ததையும் இதோடு வைத்துப் பார்க்க வேண்டும். பூகம்பம் வந்ததும் அங்கேயும் உலைகள் சரியாகத்தான் நின்றன. முக்கால் மணி நேரத்துக்கு மேல் கழித்து வந்த அலை டீசல் ஜெனரேட்டர்களை மூழ்கடித்தது. அதன் பிறகு அந்த மிச்ச வெப்பத்தை வெளியேற்ற வழியில்லை. மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீட்டை விட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு நம் நிலையங்களிலும் பரிசீலனை நடந்தது. வெளியிலிருந்து தண்ணீர் செலுத்தக் கூடுதல் இணைப்புகள் வந்தன. நல்லதுதான். அடுத்தவன் வீட்டில் விபத்து நடந்த பிறகுதான் என்பது மட்டும் உறுத்துகிறது.

செர்னோபிலில் எனக்கு மறக்காத விஷயம் உலை வெடித்தது இல்லை. வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை. உலகத்துக்குத் தெரிந்தது 28ஆம் தேதி, அதுவும் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஸ்வீடனில் உள்ள ஃபோர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில். அங்கே வேலை செய்த ஒருவரின் ஷூவில் கதிரியக்கத் தூசி இருப்பதை அளவுக் கருவி காட்டியது. தங்கள் உலையில்தான் கசிவு என்று முதலில் நினைத்தார்கள். பக்கத்திலேயே இருந்த பிரிப்யாத் நகரத்தின் ஐம்பதாயிரம் பேரை, வெடித்து ஒன்றரை நாள் கழித்துத்தான் வெளியேற்றினார்கள். அதுவரை குழந்தைகள் தெருவில் விளையாடிக்கொண்டிருந்தன. அளந்தவர்களுக்குத் தெரியும், சொல்லப்பட வேண்டியவர்களுக்குச் சொல்லவில்லை. என் தொழிலில் இதைவிடப் பெரிய குற்றம் எனக்குத் தெரியாது.

சின்ன அளவில் இதை நான் நேரிலும் பார்த்திருக்கிறேன். ஒரு நிலையத்தில் பராமரிப்பு ஷட் டவுன் சமயம், விழுப்புரம் பக்கத்துப் பையன் ஒருவன் ஒப்பந்த வேலைக்கு வந்திருந்தான். வேலை முடிந்து சூட்டைக் கழற்றிவிட்டு, மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து கிட்டே வந்தான்.

"சார், வீட்ல பொண்ணு பாத்திருக்காங்க. கொழந்த பொறக்குமா?"

"பேட்ஜ்ல எவ்வளவு வந்திருக்குனு தெரியுமா தம்பி?"

"அதெல்லாம் கான்ட்ராக்டர்கிட்டதான் சார் கேக்கணும். அவரு நல்லா இருக்குன்னாரு."

அவன் கணக்கை எடுத்துப் பார்த்தேன். அந்த வருடத்துக்கு 2 மில்லிசீவர்ட்டுக்கும் (உடம்பில் பட்ட கதிர்வீச்சை அளக்கும் அலகு) கீழே. மண், கல், ஆகாயம் எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதனுக்கு வருடத்துக்கு உலக சராசரியாக 2.4 வருகிறது. எங்களுக்கான உச்சவரம்பு ஐந்து வருட சராசரியாக 20, எந்த ஒரு வருடத்திலும் 30-ஐத் தாண்டக் கூடாது. ஹிரோஷிமாவில் உயிர் பிழைத்தவர்களின் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தும் பரம்பரைப் பாதிப்பு கூடியதாகத் தெரியவில்லை என்பதையும் சொன்னேன். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். தன் உடம்பில் பட்டதைத் தெரிந்துகொள்ள அவன் ஏன் தயங்கித் தயங்கி நிற்க வேண்டும்? அந்த எண் அவனுடையது.

கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து இடிந்தகரையில் மக்கள் போராடியபோது எங்கள் ஆட்கள் பலர் "விஷயம் தெரியாமல் பேசுகிறார்கள்" என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எரிந்து முடிந்த எரிபொருளை எங்கே வைப்பீர்கள், அவசரத்தில் எங்களை எப்படி வெளியேற்றுவீர்கள், சுடுதண்ணீரைக் கடலில் விட்டால் மீன் என்னாகும் என்று கேட்டார்கள். பொறியாளர் கேட்க வேண்டிய கேள்விகள் அவை. பதிலாக ஆயிரக்கணக்கானவர்கள் மேல் தேசத்துரோக வழக்கு வந்தது. 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்தபோதும் 15 நிபந்தனைகள் போட்டது. எரிந்த எரிபொருளை உலைக்கு வெளியே வைக்கும் கிடங்கை ஐந்து வருடத்தில் கட்ட வேண்டும் என்பது அதில் ஒன்று. 2018-இல் கூடுதல் அவகாசம் கேட்கப்பட்டது. எரிந்த எரிபொருளில் இருக்கும் கதிரியக்கப் புளுட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 வருடம் ஆகும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து வருடக் கெடுவைத் தவறவிடுகிறவர்களை ஊர்க்காரர்கள் எப்படி நம்புவார்கள்?

ஒவ்வொரு நிலையத்துக்கும் வெளியே ஒரு சுற்றுச்சூழல் ஆய்வுக்கூடம் இருக்கிறது. பால், தண்ணீர், கீரை, மீன், புல் என்று வருடம் முழுக்கச் சாம்பிள் எடுப்பார்கள். மிகப் பொறுமையான, நேர்மையான வேலை. ஒருமுறை மீன் வாங்கப் போனபோது, எப்போதும் கொடுக்கிற அம்மா தராசைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "சார், போன வாட்டி எடுத்துட்டுப் போன சங்கராவுல என்ன கண்டீங்கன்னு சொல்லவே இல்லயே?"

சொன்னேன். அதில் இருந்த கதிரியக்கத்தில் பெரும்பங்கு இயற்கையிலேயே உள்ள பொட்டாசியம்-40, உலகத்தில் எந்தக் கடல் மீனிலும் இருப்பது. நிலையத்திலிருந்து வந்தது என்று சொல்ல எதுவும் தெரியவில்லை. "இத எழுதி ஒட்டினா என்ன சார்? ஏவாரத்துக்கும் நல்லதுதான?" என்றார்.

ஒட்டலாம். ஊராட்சி அலுவலகச் சுவரில் மாதாமாதம் தமிழில் ஒட்டலாம்: எந்தத் தேதியில் எந்த மீன், எவ்வளவு இருந்தது, வரம்பு எவ்வளவு. கூடிய மாதத்தில் கூடியது என்றும் ஏன் என்றும் எழுத வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளியின் டோஸ் கணக்கை அவன் கையிலேயே அச்சடித்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். 2047-க்குள் 100 ஜிகாவாட் அணுமின்சாரம் என்று இலக்கு வைத்திருக்கிறார்கள். 2025-இல் இருந்தது 9 ஜிகாவாட்கூட இல்லை. இன்னும் எத்தனையோ கடற்கரைகளிலும் ஆற்றங்கரைகளிலும் உலைகள் வரப்போகின்றன. முதல் தூண் எழும்புவதற்கு முன்பே அந்த ஊர்ச் சுவரில் முதல் தாள் ஒட்டப்பட வேண்டும், உலை வருவதற்கு முன் அந்த மண்ணிலும் மீனிலும் என்ன இருந்தது என்ற கணக்கோடு.